போர் தண்ணீரில், ஒன்றரை அடித் தொட்டியில் செடி வளருமா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். திருச்சியில் ஒரு வீடு. ஒன்றரை அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அடி உயரத்தில் கண்ணாடித் தொட்டி. அடியில் கலர் கல். போர் தண்ணீர், டிடிஎஸ் மீட்டர் 850 காட்டுகிறது. கப்பி மீன் எட்டு. நான்கு மாதத்தில் மூன்று வகைச் செடி வாங்கி நட்டும் எதுவும் நிற்கவில்லை. அமேசான் ஸ்வார்டின் இலைகள் இரண்டே வாரத்தில் கண்ணாடி போலாகிக் கரைந்தன. ஜாவா ஃபெர்ன் கறுத்து அழுகியது. ‘ரெட் பிளான்ட்’ என்று கடையில் கொடுத்த சிவப்புச் செடி இரண்டு மாதம் அப்படியே நின்று, பிறகு தண்டோடு குழைந்துவிட்டது. இப்போது பச்சைப் பாசி மட்டும் செழிப்பாக இருக்கிறது. லைட் எரிவது காலை ஏழு முதல் இரவு பத்து வரை. ‘கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வாங்க வேண்டுமா, இல்லை எங்கள் தண்ணீரில் செடி வளரவே வளராதா?’

சிலிண்டர் வேண்டாம். உங்கள் தண்ணீரிலேயே செடி நன்றாக வளரும். நீங்கள் பறிகொடுத்த மூன்று செடிகளும் மூன்று வேறு காரணங்களால் போயின. தண்ணீர் அதில் ஒரு காரணமே இல்லை. அதனால் என்ன வாங்குவது என்பதற்கு முன்னால், என்ன நடந்தது என்பதைப் பார்த்துவிடலாம்.

அமேசான் ஸ்வார்ட் தென் அமெரிக்கச் செடி. ஆற்றோரச் சதுப்பில் வளர்வது. வெள்ளம் வந்தால் முழுக மூழ்கியும், வடிந்தால் இலைகள் காற்றில் நிற்கவும் வாழப் பழகியது. பெரும்பாலான நர்சரிகள் இந்த இரண்டாவது நிலையில்தான் அதை வளர்க்கின்றன. வேர் மட்டும் ஈரத்தில், இலையெல்லாம் வெளியே. அப்படி வளர்த்தால் சீக்கிரம் பெருகும், பாசி பிடிக்காது, நத்தை ஏறாது. ஆனால் காற்றில் வளர்ந்த இலை தடிப்பானது, மேலே மெழுகுப் பூச்சு உள்ளது, இலைத்துளை வழியாக மூச்சு விடுவது. அதைத் தண்ணீருக்குள் அமிழ்த்தினால் அந்த இலையால் வேலை செய்ய முடியாது. செடி என்ன செய்கிறது? பழைய இலையில் இருக்கிற சத்தை உறிஞ்சிக்கொண்டு அதைக் கைவிடுகிறது. நடுக்குருத்திலிருந்து மெல்லிய, நீளமான, தண்ணீருக்கென்றே ஆன புது இலையை விடுகிறது. இலை கண்ணாடி போலாகிக் கரைந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அது நோய் இல்லை. செடி உடை மாற்றிக்கொண்டிருந்தது. இதற்கு மூன்று முதல் ஆறு வாரம் ஆகும். இரண்டாவது வாரத்தில் பிடுங்கி எறிந்திருந்தால், உயிரோடு இருந்த செடியைத்தான் எறிந்திருப்பீர்கள். இனி ஒரு செடியின் இலை எல்லாம் போனாலும் அடிக்குருத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் அப்படியே விடுங்கள். கொழகொழவென்று இருந்து நாற்றம் வந்தால் மட்டும் எடுங்கள்.

ஜாவா ஃபெர்ன் கதை வேறு. அது பாறைமேல் ஒட்டி வளரும் செடி. அதன் இலைகள் ஒரு தடித்த கிடைத்தண்டிலிருந்து கிளம்பும். அந்தத் தண்டை மணலிலோ கல்லிலோ புதைத்தால் அழுகிவிடும். செடி என்றால் மண்ணில் நடுவதுதானே என்று நீங்கள் நட்டிருப்பீர்கள். எல்லோரும் முதலில் அப்படித்தான் செய்கிறோம். அனுபியாசும் இதே மாதிரிதான். இரண்டையும் ஒரு கல்லிலோ மரக்கட்டையிலோ நூலால் கட்டி விட வேண்டும். சில மாதத்தில் வேர் தானே பிடித்துக்கொள்ளும். அவசரம் என்றால் சயனோ அக்ரிலேட் பசை, அதாவது கடையில் கிடைக்கும் ஒட்டுப் பசையின் ஜெல் வகை, ஒரு துளி போதும். காய்ந்தபின் மீனுக்கு ஒன்றும் செய்யாது.

மூன்றாவது, அந்தச் சிவப்புச் செடி. அது நீர்ச்செடியே இல்லை என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்வேன். டிரசீனா, சிங்கோனியம், அக்லோனிமா, ஊதா நிற ஹெமிகிராஃபிஸ் இவையெல்லாம் தரைச்செடிகள். வீட்டுச் சன்னலோரத் தொட்டியில் வளர்பவை. மீன் கடைகளில் இவை நீர்ச்செடி என்று விற்கப்படுகின்றன. தண்ணீருக்குள் ஒன்றிரண்டு மாதம் கையிருப்புச் சத்தில் பச்சையாக நிற்கும். ஒரு புது இலைகூட வராது. பிறகு ஒருநாள் மொத்தமாகக் குழையும். அடையாளம் காண ஒரு வழி சொல்கிறேன். தண்ணீரிலிருந்து வெளியே தூக்கிப் பாருங்கள். தண்டும் இலையும் விறைப்பாக, தரையில் நிற்பதுபோலவே நின்றால் சந்தேகப்படுங்கள். தண்ணீருக்குள்ளேயே வளர்ந்த செடி வெளியே எடுத்ததும் துவண்டு கையில் தொங்கும். ஆனால் காற்றில் வளர்த்த உண்மையான நீர்ச்செடியும் விறைப்பாகவே இருக்கும் என்பதால், பெயரைக் கேட்டு வாங்குவதுதான் நல்லது. ‘ரெட் பிளான்ட்’ என்பது பெயர் ஆகாது.

சரி, இனி தண்ணீர். 850 டிடிஎஸ் என்பது கரைந்த உப்புகளின் மொத்தக் கணக்கு. என்ன உப்பு என்பது அதில் தெரியாது. தண்ணீர் கொதிக்க வைக்கும் பாத்திரத்தில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிகிறதா? அப்படியென்றால் கால்சியமும் பைகார்பனேட்டும் நிறைய இருக்கின்றன. இது செடிக்குக் கெடுதல் இல்லை. வாயில் வைத்தால் கரிக்கிற தண்ணீர் என்றால் சோடியம் அதிகம். அதைப் பாதிக்குப் பாதி ஆர்ஓ தண்ணீருடன் கலந்துகொள்ளுங்கள். அடுக்குமாடியில் சாஃப்ட்னர் வைத்திருந்தால் அதற்கு முன்னால் உள்ள குழாயில் பிடியுங்கள். அது கால்சியத்தை எடுத்துவிட்டுச் சோடியத்தைப் போடுகிற கருவி. ஆர்ஓ இயந்திரத்திலிருந்து வெளியேறும் கழிவுநீரைத் தொட்டிக்கு ஊற்றாதீர்கள். வடிகட்டித் தள்ளிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

கடின நீர் ஏன் கெடுதல் இல்லை என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கேள்வியின் மையமே அதில்தான் இருக்கிறது. செடி தன் உடம்பைக் கார்பனால் கட்டுகிறது. காற்றில் அது எளிதாகக் கிடைக்கும். தண்ணீரில் கார்பன் டை ஆக்சைடு நகரும் வேகம், காற்றில் நகர்வதைவிட ஏறக்குறைய 10,000 மடங்கு குறைவு. அதனால்தான் தொட்டியில் செடிக்கு முதல் தட்டுப்பாடு எப்போதும் கார்பன்தான்; உரமோ வெளிச்சமோ அதற்கு அப்புறம்தான். சிலிண்டர் வைக்கிறவர்கள் தண்ணீரில் கார்பன் டை ஆக்சைடை 30 பிபிஎம் வரை, அதாவது பத்து லட்சத்தில் 30 பங்கு வரை ஏற்றுகிறார்கள். சாதாரணத் தொட்டியில் 2, 3 பிபிஎம் இருந்தாலே அதிகம். ஆனால் சில செடிகள் ஒரு வித்தை கற்று வைத்திருக்கின்றன. கரைந்த வாயு போதவில்லை என்றால், தண்ணீரில் இருக்கிற பைகார்பனேட்டிலிருந்து கார்பனைப் பிரித்து எடுத்துக்கொள்ளும். வாலிஸ்னேரியா, ஹைட்ரில்லா, ஹார்ன்வோர்ட் மூன்றும் அப்படிப்பட்டவை. உங்கள் போர் தண்ணீர் இவற்றுக்கு விருந்து. வெயில் படும் குளத்தில் ஹைட்ரில்லா இலையில் வெள்ளையாக மாவு பூசியதுபோல இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பைகார்பனேட்டை உறிஞ்சியபின் மிச்சமான கால்சியம் சுண்ணாம்பாகப் படிந்தது அது.

இந்த வித்தை தெரியாத செடிகளும் உண்டு. பாசச்செடிகள், அதாவது மாஸ் வகைகள், வாயுவாகக் கரைந்ததை மட்டுமே எடுக்கும். கபோம்பா மென்னீர்ச் செடி. கடின நீரில் கொஞ்சம் கொஞ்சமாக இலை கொட்டும். படங்களில் பார்க்கும் பச்சைக் கம்பளம் விரித்த தொட்டிகள் நினைவுக்கு வரலாம். ஜப்பானின் தகாஷி அமானோ உலகமெங்கும் பரப்பிய பாணி அது. 2015இல் மறைந்தார், கலைஞர் என்று சொல்லத் தகுந்தவர். அந்தத் தொட்டிகள் பலமான விளக்கு, சிலிண்டர், பெரும்பாலும் மென்னீர் இவற்றால் நிற்பவை. அங்கே வளர்கிற செடியை வாங்கிவந்து இங்கே வளரச் சொல்வது நியாயம் இல்லை. உங்கள் தண்ணீருக்கு ஒத்த செடியை வாங்குங்கள். செடிக்காகத் தண்ணீரை மாற்றத் தொடங்கினால் ஒவ்வொரு வாரமும் அந்த வேலையைச் செய்ய வேண்டிவரும். ஒரு வாரம் தவறினாலும் செடி அதைக் காட்டிவிடும்.

எதை வாங்கலாம்? என் கைக்கு வந்து, வெயிலிலும் கடின நீரிலும் நின்றவற்றை மட்டும் சொல்கிறேன்.

பின்புறத்துக்கு வாலிஸ்னேரியா, எட்டு கன்று. நாடா போல நீண்ட இலை. நம் ஊர்க் குளங்களிலும் இருக்கிறது. மணலுக்கடியில் ஓடுதண்டு விட்டுக் கன்று போட்டுக்கொண்டே போகும். இதன் பூவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆண் பூ அடியில் செடியிலிருந்து கழன்று மேலே மிதந்து வரும். பெண் பூ நீண்ட காம்பில் நீர்மட்டம்வரை எழும்பிக் காத்திருக்கும். மிதக்கும் ஆண் பூ வந்து முட்டி மகரந்தம் சேர்ந்ததும், அந்தக் காம்பு திருகு வில் போலச் சுருண்டு காயைத் தண்ணீருக்குள் இழுத்துக்கொள்ளும். ஒன்றரை அடித் தொட்டியிலும் இது நடக்கும், ஆண் செடியும் பெண் செடியும் இரண்டும் இருந்தால்.

பக்கவாட்டில் ஹைக்ரோஃபிலா பாலிஸ்பெர்மா, பத்துத் தண்டு. நாட்டு மருந்தில் வருகிற நீர்முள்ளியின் அதே பேரினம். இதுவும் இந்தியாவுக்குச் சொந்தமானது. புதுத் தொட்டியில் முதலில் வளர்வது இதுதான். கழிவில் வருகிற அம்மோனியாவை உடனே குடித்துவிடும். பாசிக்குப் போக வேண்டிய சாப்பாட்டை இது பிடுங்கிக்கொள்ளும். அதற்காகவே முதல் மூன்று மாதம் இதைக் கட்டாயம் வைத்திருங்கள்.

நடுவில் கிரிப்டோகோரைன் வெண்டியை நான்கு. இது இலங்கையில் மட்டுமே இயற்கையாக வளர்கிற செடி. நிழல் விழும் ஓடைகளில் இருக்கும். பழுப்பும் பச்சையுமாக அழகான இலை. வெளிச்சம் அதிகம் கேட்காது, வெப்பம் தாங்கும், கடின நீருக்கு முகம் சுளிக்காது. ஒரே ஒரு குணம், இடம் மாற்றினால் பிடிக்காது. நட்ட சில நாளில் எல்லா இலையையும் கரைத்துவிட்டு வெறும் வேராக நிற்கும். எனக்கும் முதல் முறை அப்படி ஆனபோது செத்துவிட்டது என்று குப்பையில் போட்டேன், இன்றும் வருத்தம்தான். வேரை அசைக்காமல் ஒரு மாதம் விட்டால் மணலிலிருந்து சின்னச் சின்ன முளையாக வரும். வந்தபிறகு வருடக்கணக்கில் இருக்கும்.

கிழங்காக விற்கப்படும் அபோனோஜிட்டான் கிடைத்தால் ஒன்று வையுங்கள். ஆம்பலோடும் நெய்தலோடும் சேர்த்து நம் முன்னோர் சொன்ன கொட்டி இந்த இனம்தான். கடைகளில் பெரும்பாலும் வருவது இதன் உறவான கிரிஸ்பஸ். தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரியது. ஓரம் நெளிந்த இலை, ஒரு மாதத்துக்குள் தொட்டி உயரத்துக்கு வந்துவிடும். கிழங்கை மணலில் பாதி மட்டும் பதியுங்கள். சில மாதத்துக்குப் பின் இலை குறைந்து ஓய்வெடுத்தால் கவலைப்பட வேண்டாம், கிழங்கு உறங்குகிறது.

நீர்ப்பிரமியும் தண்ணீருக்குள் வளரும். மெதுவாகத்தான் வளரும், ஆனால் நேராக, ஒழுங்காக நிற்கும். மூலிகை நர்சரியில் வாங்கினால் பூச்சி மருந்து அடித்திருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பூச்சி மருந்தின் மிச்சம் இறாலைக் கொன்றுவிடும், மீனையும் பாதிக்கும்.

செடியை நேரடியாகத் தொட்டிக்குள் விடாமல், வாங்கும்போது அதன் வேரில் சுற்றியிருக்கும் பஞ்சையோ ஈயப்பட்டையையோ எடுத்துவிட்டு, பொட்டாசியம் பெர்மாங்கனேட் வெளிர் இளஞ்சிவப்பாகக் கரைத்த தண்ணீரில் பத்து நிமிடம் வைத்து, நல்ல தண்ணீரில் அலசி நடுங்கள். குளத்திலிருந்து கொண்டுவருவதாக இருந்தால் ஒரு வாரம் தனி வாளியில் வையுங்கள். தட்டான் பூச்சியின் குஞ்சு இலையோடு ஒட்டி வரும். கப்பிக் குஞ்சுகளை ஒவ்வொன்றாகத் தின்று தீர்த்துவிடும்.

இனி அந்தக் கலர் கல்லை எடுத்துவிட வேண்டும். கற்களுக்கிடையே பெரிய சந்து. மீன் கழிவும் மிச்சத் தீனியும் உள்ளே இறங்கி அழுகும், வேருக்குப் பிடிப்பும் கிடைக்காது. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவுள்ள ஆற்று மணல் இரண்டு அங்குல உயரத்துக்கு வேண்டும். உங்கள் தொட்டிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ ஆகும். கட்டட வேலைக்கான எம்-சாண்ட் வேண்டாம், முனை கூர்மையாகவும் தூசி மிகுந்தும் இருக்கும். மணலைத் தண்ணீர் தெளியும்வரை கழுவுங்கள். கைப்பிடி மணலில் வினிகர் ஊற்றிப் பாருங்கள். நுரைத்தால் அதில் சிப்பியோ சுண்ணாம்போ இருக்கிறது. ஏற்கெனவே கடினமான தண்ணீரை அது இன்னும் கடினமாக்கும்.

வெறும் மணலில் சத்து இல்லை. கிரிப்டோகோரைனும் ஸ்வார்டும் வேரால் தின்கிற செடிகள். எரு கலக்காத செம்மண்ணைச் சலித்து, தண்ணீர் தெளித்துப் பிசைந்து, கோலிக்குண்டு அளவுக்கு உருட்டி வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். ஒவ்வொரு செடியின் வேருக்கடியிலும் ஓர் உருண்டையை விரலால் அழுத்தித் தொட்டித் தரைவரை புதைத்துவிடுங்கள். செம்மண்ணின் சிவப்பு இரும்பால் வந்தது. மணலுக்கடியில் ஆக்சிஜன் குறைவதால் அந்த இரும்பு கரைந்து வேருக்குக் கிடைக்கும் நிலைக்கு வரும். தொட்டியின் அடி முழுக்க ஓர் அங்குலம் தோட்டமண் பரப்பி மேலே மணல் போடுகிற முறையும் உண்டு. அமெரிக்காவைச் சேர்ந்த டயானா வால்ஸ்டட் எழுதிப் பரவலாக்கியது. எனக்குப் பிடித்த முறைதான். ஆனால் செடியை அடிக்கடி இடம் மாற்றிப் பார்க்கும் ஆசை முதல் வருடத்தில் எல்லோருக்கும் இருக்கும். ஒவ்வொரு முறை பிடுங்கும்போதும் மண் கிளம்பித் தண்ணீர் டீ நிறமாகிவிடும். அதனால் உங்களுக்கு இப்போது உருண்டை போதும். மண்புழு உரம், சாண எரு எதையும் மணலுக்கடியில் போடாதீர்கள். அழுகி அம்மோனியா கிளம்பினால் எட்டுக் கப்பியும் ஒரே இரவில் போய்விடும்.

பாசிக்கு வருகிறேன். பதினைந்து மணி நேர வெளிச்சம்தான் காரணம், வேறு எதுவும் இல்லை. வெளிச்சம் செடிக்கு உணவு என்று நினைக்கிறோம். அது வண்டியில் ஆக்சிலேட்டர் போலத்தான். அழுத்தினால் செடி வேகமாக ஓடப் பார்க்கும். ஓடக் கார்பனும் சத்தும் வேண்டும். அவை இல்லாதபோது செடி நின்றுவிடும். மிஞ்சிய வெளிச்சத்தைக் கொண்டு, மிகக் குறைந்த சத்திலேயே வாழத் தெரிந்த பாசி வளர்ந்துவிடும். நடுகிற நாளிலிருந்து முதல் ஒரு மாதம் தினமும் ஆறு மணி நேரம் மட்டும் லைட் எரியட்டும். பிறகு ஏழு, அதிகம் போனால் எட்டு. கையால் போட்டு அணைத்தால் ஒழுங்கு வராது, ஒரு டைமர் பிளக் வாங்கிவிடுங்கள். இந்தப் பதிலில் காசு கொடுத்து வாங்கியே ஆக வேண்டும் என்று நான் சொல்கிற ஒரே கருவி அதுதான். நேரத்தை மாலை நான்கு முதல் பத்து என்று வைத்தால் வீட்டில் எல்லோரும் இருக்கும்போது பார்க்கலாம். சன்னலில் நேர்வெயில் படுகிற இடமாக இருந்தால் தொட்டியை நகர்த்துங்கள்.

விளக்குக்குப் பெரிய செலவு தேவையில்லை. வீட்டில் போடுகிற 9 வாட் எல்இடி பல்பு, 6500 கெல்வின் என்று அட்டையில் போட்டிருக்கும் வெள்ளை ஒளி, ஏறக்குறைய 900 லூமன் தரும்; லூமன் என்பது விளக்கு தரும் ஒளியின் அளவு. மணல், கல் போக உங்கள் தொட்டியில் நிற்கும் தண்ணீர் சுமார் 35 லிட்டர். லிட்டருக்கு 25 லூமன் என்பது நான் சொன்ன செடிகளுக்குத் தாராளம். மேலே ஒரு குடை போல வெள்ளைத் தகடு வைத்து ஒளியைக் கீழே திருப்பிவிடுங்கள். நீலமும் ஊதாவும் மின்னுகிற விளக்கு மீனின் நிறத்தை எடுத்துக்காட்டும். செடிக்கு அதனால் தனி லாபம் இல்லை.

இப்போது இருக்கிற பாசியைக் கையால் எடுங்கள். பழைய டூத் பிரஷ்ஷில் சுற்றினால் நூல் பாசி சுருண்டு வந்துவிடும். புதிதாக நட்ட இரண்டாவது மூன்றாவது வாரத்தில் கண்ணாடியிலும் இலையிலும் பழுப்புத் தூசி போலப் படியும். அது டயாட்டம் என்கிற நுண்பாசி, தானே போய்விடும். பாசி தின்ன ‘டேங்க் கிளீனர்’ மீன் வாங்காதீர்கள். விரலளவில் வாங்கி வருவது ஓரடிக்கு மேல் வளரும். செடியைப் பிடுங்கிப் போடும். பிறகு வைத்துக்கொள்ள முடியாமல் ஏரியில் விடுகிறார்கள். அது நம் நீர்நிலைகளில் பெருகி நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதற்குப் பதில் பிளாக் மோலி இரண்டு விடுங்கள். கடின நீர் அதற்குப் பிடிக்கும், நாளெல்லாம் பாசியைக் கொறித்துக்கொண்டே இருக்கும். ‘லிக்விட் கார்பன்’ என்று பாட்டிலில் விற்பதையும் தவிர்த்துவிடுங்கள். அவற்றில் பெரும்பாலும் இருப்பது குளூட்டரால்டிஹைடு, மருத்துவக் கருவிகளைக் கிருமி நீக்கப் பயன்படும் ரசாயனம். பாசியைக் கொல்லும், கூடவே வாலிஸ்னேரியாவையும் கரைத்துவிடும்.

உரம் முதல் ஒரு மாதம் வேண்டாம். மீனும் செம்மண்ணும் கொடுப்பதே போதும். செடி வளரத் தொடங்கியபிறகு இலையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பழைய இலைகள் முழுதாக மஞ்சளானால் நைட்ரஜன் போதவில்லை. பழைய இலையில் ஊசி குத்தியதுபோல ஓட்டை விழுந்தால் பொட்டாசியம். புதுக் குருத்து வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் இரும்பு. ஏன் இப்படி மாறுகிறது என்றால், நைட்ரஜனையும் பொட்டாசியத்தையும் செடியால் பழைய இலையிலிருந்து எடுத்துப் புது இலைக்கு அனுப்ப முடியும், இரும்பை அனுப்ப முடியாது. அதனால் முதலிரண்டின் குறை வயதான இலையிலும், இரும்பின் குறை இளம் இலையிலும் தெரியும். இதைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

நைட்ரஜன், பொட்டாசியம் இரண்டுக்கும் சேர்த்து உரக்கடையில் 13-0-45 என்று கேளுங்கள். அது பொட்டாசியம் நைட்ரேட். விவசாயிகள் சொட்டுநீரில் விடுவது. 10 கிராமை அரை லிட்டர் ஆர்ஓ தண்ணீரில் கரைத்துப் பாட்டிலில் வையுங்கள். வாரம் ஒருமுறை, தண்ணீர் மாற்றியபின், 15 மில்லி. உங்கள் 35 லிட்டருக்கு அது ஏறக்குறைய 5 பிபிஎம் நைட்ரேட்டும் 3 பிபிஎம் பொட்டாசியமும் தரும். பாஸ்பரஸ் மீன் தீனியிலிருந்தே வரும். இரும்புக்கு நுண்ணூட்டக் கலவை வாங்கும்போது டிடிபிஏ வகையா என்று பாருங்கள். இரும்பைக் கரைந்த நிலையிலேயே பிடித்துவைக்கும் சேர்மம் அது. அதே வேலையைச் செய்யும் சாதாரண இடிடிஏ உங்கள் கார நீரில் இரும்பைச் சீக்கிரம் விட்டுவிடும், இரும்பு கரையாமல் படிந்துவிடும். ஆனால் 19-19-19, யூரியா, டிஏபி மூன்றும் தொட்டிப் பக்கமே வரக்கூடாது. அவற்றில் உள்ள யூரியாவும் அம்மோனியமும் மீனுக்கு விஷம். உரக்கடையில் பொட்டலம் மாறிவிடாமல் பையில் அச்சிட்ட எண்ணைப் படித்து வாங்குங்கள்.

வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுவது போதும். போர் தண்ணீரில் குளோரின் இருக்காது. என்றைக்காவது கார்ப்பரேஷன் தண்ணீர் ஊற்ற நேர்ந்தால் முதல் நாளே வாளியில் பிடித்துத் திறந்து வையுங்கள், அல்லது மீன் கடையில் ஆன்டி குளோரின் என்று கிடைக்கும் தயோசல்பேட் இரண்டு துளி விடுங்கள். ஃபில்டர் பஞ்சைக் குழாயில் கழுவாமல், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழியுங்கள். கழிவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா அந்தப் பஞ்சில்தான் குடியிருக்கிறது. கல்லை எடுத்து மணல் போடுகிற நாளில் மீனையும் ஃபில்டரையும் ஒரே வாளியில் ஓடவிட்டு வைத்திருந்து, வேலை முடிந்ததும் இரண்டையும் சேர்த்தே திரும்ப விடுங்கள்.

திருச்சியில் ஏப்ரல், மே மாதங்கள் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சின்னத் தொட்டி சீக்கிரம் சூடாகும். 32 பாகை தாண்டினால் செடியின் மூச்சு வேகமாகி, பகலில் சேர்த்ததை இரவில் செலவழித்துவிடும். மூடியை எடுத்துவிட்டு, கம்ப்யூட்டரில் வருகிற சின்ன மின்விசிறியை நீர்மட்டத்தின் மேல் சாய்வாக வீசவிடுங்கள். ஆவியாதலால் இரண்டு மூன்று பாகை இறங்கும். நீர்மட்டம் தினமும் குறையும். அதை ஈடுகட்ட மட்டும் ஆர்ஓ தண்ணீர் ஊற்றுங்கள். ஆவியானது வெறும் தண்ணீர், உப்பெல்லாம் தொட்டியிலேயே தங்கியிருக்கிறது. போர் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் மே கடைசியில் 850 என்பது 1,300ஐத் தொட்டாலும் ஆச்சரியமில்லை.

ஒன்றரை மாதத்தில் ஹைக்ரோஃபிலா மேலே முட்டும். நுனியில் நான்கு அங்குலம் வெட்டி அதையே மணலில் குத்துங்கள். அடித்தண்டிலிருந்து இரண்டு கிளை வரும். மிஞ்சுகிற செடியைச் சாக்கடையிலோ குளத்திலோ போடாமல் வெயிலில் உலர்த்திப் பூந்தொட்டிக்குப் போடுங்கள். வெங்காயத்தாமரையும் அழகுக்காகத் தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த செடிதான்.

கடைசியாக ஒன்று. ஜாவா ஃபெர்ன் அழுகியது என்றீர்களே, கல்லைக் கிளறி எடுக்கும்போது அந்தக் கிடைத்தண்டைத் தேடிப் பாருங்கள். கறுத்த பகுதியைப் பிளேடால் வெட்டி எறியுங்கள். உள்ளே பச்சையாக, கெட்டியாக ஓர் அங்குலம் மிஞ்சியிருந்தாலும் போதும், ஒரு கூழாங்கல்லில் வைத்து நூலால் கட்டித் தொட்டியின் நிழலான மூலையில் வையுங்கள். இரண்டு மாதத்தில் அதிலிருந்து இலை வரும்.